சோழியில் வைத்த 248

2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதம் சொன்னது. திருநள்ளாறு கோயிலோ, தங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்துவிட்டது. அந்த வாக்கிய முறையில் நிலவுக்கு உரிய எண் 248. அது பிறந்த ஊர் மிகத் தொலைவில் இருக்கிறது.

நிலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மெதுவாக நகரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு 248 நாள். கால் மணி நேரம்கூடப் பிசகாது. 110 சுற்றுக்கு 3031 நாள். பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு! 248 நாளுக்கு ஓர் அட்டவணை போட்டுவிட்டால் அதையே திரும்பத் திரும்ப எடுத்தாளலாம்.

பாபிலோனியர் இதைக் களிமண் பலகையில் பதித்தார்கள். எகிப்தில் கிரேக்கர்கள் பாப்பிரஸில் எழுதிக்கொண்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையில் இரண்டு எண்களும் இருக்கின்றன. தெற்கே வந்ததும் அட்டவணை 248 வாக்கியங்களானது. கடபயாதி முறையில் எழுத்துக்கே எண் மதிப்பு உண்டு. ‘தேவரம்’ என்பதில் 8, 4, 2. வலமிருந்து படித்தால் 248. ஏடு இல்லாமலே மனப்பாடம் செய்யலாம். கேரளத்து மாதவர் இந்த வாக்கியங்களை மேலும் நுட்பமாக்கினார்.

பிறகு ஒரு மேகம் குறுக்கிட்டது. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததால் கடலிலேயே நின்றார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, புதுச்சேரிக் கோட்டையின் இடிபாட்டில் கருவிகளை நிறுத்தினார். 1769 ஜூன் 4 காலையில் வானம் மூடிக்கொண்டது. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் புதுச்சேரியில் இருந்த நாட்களில் அவர் தமிழர்களிடம் கிரகணக் கணிதம் கற்றிருந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பா மெச்சிய மேயரின் அட்டவணை 68 விநாடி அதிகம். ஊர் திரும்பினால், இறந்துபோனார் என்று எண்ணிச் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள் உறவினர்கள். 1779-இலும் 1781-இலும் வெளியான அவருடைய பயண நூல் வழியே தமிழ்க் கணிதம் பாரிஸ் சேர்ந்தது.

அடுத்து வந்தவர் ஜான் வாரன். ஆங்கிலப் படையில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர், கோலார் தங்கத்தைத் தேடிப் பார்த்தவரும் அவரே. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அவர் முன் தரையில் உட்கார்ந்து, சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825-இன் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கலி தொடங்கி எண்ணிய நாட்களில் 1600984-ஐக் கழிப்பது. மீதியை 12372-ஆலும், அதன் மீதியை 3031-ஆலும், அதன் மீதியை 248-ஆலும் வகுப்பது. கடைசியில் நிற்கும் எண்ணே அன்றைய வாக்கியம். கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடமே பிசகியது. முடிவு 52 நிமிடம் தவறியது. வாரன் இதை அதே ஆண்டு ‘கால சங்கலித’ நூலில் அச்சிட்டார்.

1952-இல் அமெரிக்காவில் வானியல் வரலாற்றறிஞர் நாய்கபவர், தமிழ் வானியல் பற்றிய கட்டுரையில், சோழியில் வைத்த எண்களைப் பாபிலோனிய மரபோடு இணைத்துக் காட்டினார். பத்தாண்டு கழித்து, 1962-இல், குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் இந்த முறையின் நூலான வாக்கியகரணத்தைச் சென்னையில் பதிப்பித்தார்கள்.