பழைய அமெச்சூர் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்த்தல்: மலாயா, சிங்கப்பூர் வரலாற்றுச் சூழலில் ஒரு நோக்கு

முன்னுரை

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, அரசு ஆவணம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் கையாண்ட கருவிகளும் சான்றுகளே என்னும் கருத்து தொல்லியலார்க்குப் புதிதன்று. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் மின்கருவிகளை அவ்வாறு நோக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அமெச்சூர் வானொலிக் கருவிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, அரசின் உரிமம் பெற்று, தனியாள் ஒருவர் தம் இல்லத்திலிருந்தே வானலை வழியாகப் பிறருடன் தொடர்புகொள்ளும் முறையே அமெச்சூர் வானொலி எனப்படும். இதில் ஈடுபடுவோரை 'ஹாம்' என்றும் அழைப்பர்.

1920கள் முதல் 1950கள் வரை மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வானொலி ஆர்வம் வளர்ந்த வரலாற்றையும், அக்காலக் கருவிகளை இன்று பழுதுபார்க்கும் முறைகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. பழுதுபார்ப்பவரின் கை ஒரு சான்றைக் காக்கவும் கூடும். அறியாமலேயே அழிக்கவும் கூடும் என்பதே இதன் மையக் கருத்தாகும்.

மலாயாவில் வானொலி ஆர்வத்தின் தொடக்கம்

மலாயாவில் வானொலியைத் தொடங்கி வைத்தது அரசு அன்று, ஆர்வலர்களே. ஜொகூர் மாநில அரசில் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ.எல். பர்ச் என்பவர் 1921-ஆம் ஆண்டில் முதல் வானொலிப் பெட்டியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என மலேசிய ஒலிபரப்புத் துறையின் வரலாறு குறிப்பிடுகின்றது. அவரே 1923-இல் ஜொகூர் வானொலிச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பத் தொடங்கினார். இதனைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் எழுந்தன. 1930-இல் சிங்கப்பூர்த் துறைமுக நிர்வாகத்தைச் சேர்ந்த ஏர்ல் என்பவர் இரு வாரங்களுக்கு ஒருமுறை சிற்றலையில் ஒலிபரப்பினார். கோலாலம்பூர்ச் சங்கம் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து 325 மீட்டர் அலைவரிசையைப் பயன்படுத்தியது. இம்முயற்சிகளுக்குப் பின்னரே, 1937 மார்ச் 1-ஆம் நாள் சிங்கப்பூர் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. 1940-இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அக்கால ஆர்வலர்க்குக் கருவியைப் பயன்படுத்துவதும் பழுதுபார்ப்பதும் இருவேறு வேலைகள் அல்ல. கம்பிச் சுருளைக் கையால் சுற்றி, மரப்பலகையில் வால்வுகளைப் பொருத்தித் தம் கருவியைத் தாமே அமைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. எனவே, பழுதுபார்த்தல் என்பது அமெச்சூர் வானொலியின் பிற்சேர்க்கை அன்று. அதன் பிறப்பிலேயே அமைந்த கூறு எனலாம்.

போர்க்காலமும் வானொலியும்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் வானொலிப் பெட்டி அச்சத்துக்குரிய பொருளாயிற்று. சிற்றலையில் அயல்நாட்டுச் செய்தி கேட்பது கடுங்குற்றமாகக் கருதப்பட்டது. பேராக் மாநிலத்தின் பாப்பான் சிற்றூரில், இலங்கைத் தமிழ் வழியினரான மருத்துவர் ஒருவரின் துணைவியார் சிபில் கார்த்திகேசு, மறைத்து வைத்த சிற்றலைப் பெட்டியில் பிபிசி செய்திகளைக் கேட்டு வந்தார். எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவ உதவியும் செய்த அவர் 1943-இல் கைது செய்யப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். போர் முடிந்தபின் ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948-இல் மறைந்தார். 1943 அக்டோபர் 10-ஆம் நாள் சாங்கிச் சிறையில் ஜப்பானிய இராணுவக் காவல்துறையினர் நடத்திய சோதனையில், கைதிகள் மறைத்து வைத்திருந்த வானொலிக் கருவிகள் அகப்பட்டன. அந்நிகழ்வின் தொடர்பில் 57 பேர் கைதாயினர். அவர்களுள் 15 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய சூழலில், பழுதான பெட்டியைச் சீர்செய்ய உதிரிப்பாகம் தேடுவதே உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது. அக்காலப் பெட்டியொன்றினுள் காணப்படும் பொருந்தாத வால்வையோ கைவேலையாகச் சுற்றிய சுருளையோ இன்று நாம் 'குறை' என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இவ்வரலாறே போதிய காரணமாகும்.

உபரிக் கருவிகளும் அவை பெற்ற மாற்றங்களும்

போர் முடிந்ததும் படைத்துறைகள் தேவைக்கு மிஞ்சிய கருவிகளை மலிவாக விற்றன. 1946 முதல் பிரிட்டனில் அமெச்சூர் உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டன. மலாயாவில் விஎஸ்2 என்றும் சிங்கப்பூரில் விஎஸ்1 என்றும் தொடங்கும் அழைப்புக்குறிகள் வழங்கின. 1952-இல் மலாயா அமெச்சூர் வானொலிச் சங்கம் உருவாயிற்று. நாடுகள் விடுதலை பெற்றபின் அக்குறிகள் முறையே 9எம்2 என்றும் 9வி1 என்றும் மாறின. ஒரு கருவியின் முகப்பிலோ பழைய தொடர்புச் சான்றட்டையிலோ 'விஎஸ்2' என்னும் குறி காணப்படுமாயின், அது விடுதலைக்கு முற்பட்ட தலைமுறையின் அடையாளமாகும்.

உபரிக் கருவிகளுள் பெரிதும் பெயர்பெற்றது ஆர்1155 என்னும் பிரிட்டிஷ் விமானப்படை ஏற்பி. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் டி1154 என்னும் பரப்பியுடன் இணைந்து பயன்பட்ட இது, 75 கிலோஹெர்ட்ஸ் முதல் 18.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஐந்து பிரிவுகளில் இயங்கியது. விமானம் செல்லும் திசையைக் கண்டறியும் மின்சுற்றும் இதனுள் அமைந்திருந்தது. வீட்டிலிருந்து பேசும் ஆர்வலர்க்கு அப்பகுதி தேவைப்படவில்லை. ஆகவே, அவர்கள் அதனை வெட்டியெடுத்து, கிடைத்த இடத்தில் ஒலிபெருக்கியை இயக்கும் வால்வைப் பொருத்தினர். விமான மின்கலத்திற்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கியைச் சேர்த்தனர்.

தரைப்படையின் 19-ஆம் எண் வானொலிக் கருவியும் இவ்வாறே மாற்றம் பெற்றது. கவச ஊர்திகளில் பயன்பட்ட இதன் முதன்மைப் பகுதி 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கியது. குறுந்தொலைவுத் தொடர்புக்கான இரண்டாம் பகுதியை ஆர்வலர் பெரும்பாலும் அகற்றிவிட்டனர். கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட கருவிகளின் முகப்பில் ஆங்கிலத்துடன் ரஷ்ய எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. சோவியத் ஒன்றியத்திற்கும் அவை அனுப்பப்பட்டமையே காரணம். ஒரு தகட்டிலுள்ள எழுத்தே நேச நாடுகளின் உடன்பாட்டை இன்றும் எடுத்துரைப்பது குறிப்பிடத்தக்கது.

ஈரமும் பூஞ்சையும்

குளிர்நாட்டுப் பழுதுபார்ப்பு நூல்களை அப்படியே இங்குப் பின்பற்ற இயலாது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது. மெழுகு தோய்த்த தாள் மின்தேக்கி காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சி, நேர்மின்னோட்டத்தைக் கசியவிடுகின்றது. பருத்தி நூல் சுற்றிய கம்பியில் ஈரம் தங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு படர்கின்றது. முடியளவு மெல்லிய சுருள்கம்பி அவ்விடத்தில் அறுந்துவிடுகின்றது. கரித்துகள் மின்தடைகளின் மதிப்பு உயர்ந்துகொண்டே செல்கின்றது. இரப்பர் உறையிட்ட கம்பி தொட்ட அளவில் உதிர்கின்றது. இவற்றின்மேல் பூஞ்சையும் படர்கின்றது.

நியூகினி முதலிய வெப்பமண்டலப் போர்முனைகளில் தம் கருவிகள் செயலிழந்ததை அமெரிக்கப் படையினர் கண்டனர். அதன் விளைவாக, போரின் பிற்பகுதியில், ஈரத்தையும் பூஞ்சையையும் தடுக்கும் அரக்குப் பூச்சைக் கருவிகளின் உட்பகுதியில் தெளிக்கும் முறை ஏற்பட்டது. அவ்வாறு பூசப்பட்ட கருவியின்மேல் 'எம்எஃப்பி' என்னும் முத்திரையும் நாளும் இடப்பட்டன. மஞ்சள் நிறமான இப்பூச்சு பழுதுபார்ப்பவர்க்குத் தொல்லையே. பற்றவைக்கும் முன் அதனைச் சுரண்டவேண்டும். அதில் கலந்துள்ள பூஞ்சைக்கொல்லி நச்சுத்தன்மை உடையதாதலின் புகையை நுகரவும் கூடாது. எனினும், அம்முத்திரையை அழிப்பது, அக்கருவி வெப்பமண்டலப் போருக்கென ஆயத்தம் செய்யப்பட்டது என்னும் செய்தியையே அழிப்பதாகும்.

பழுதுபார்க்கும் முறை

நெடுங்காலம் உறங்கிய கருவியை உடனே மின்சாரத்தில் இணைப்பதே மிகப் பெரிய தவறாகும். இறுதிநிலை வால்வின் கட்டுப்பாட்டுக் கம்பிவலைக்கு முன்னுள்ள இணைப்பு மின்தேக்கி கசியுமாயின், அவ்வலை நேர்மின்னழுத்தம் பெறுகின்றது. அதனால் வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகின்றது. அதனுடன் இணைந்த மின்மாற்றியின் கம்பி எரிந்து அறுபடுகின்றது. சிறிய மின்தேக்கி ஒன்றைப் பொறுமையின்றி விட்டதன் விலை, மீண்டும் கிடைக்காத மின்மாற்றி.

ஆகவே, முதலில் கண்ணாலும் மூக்காலும் ஆராய்தல் வேண்டும். எரிந்த நாற்றம், வழிந்த மெழுகு, உப்பிய மின்தேக்கி ஆகியன பழுதின் இடத்தைக் காட்டும். தூசியை மென்தூரிகையால் அகற்றியபின், ஈரமேறிய சுருள்களைச் சிறு விளக்கின் இளஞ்சூட்டில் சில நாள் உலர்த்தலாம். மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் மாறுமின்மாற்றி வழியாகவோ, தொடரிணைப்பில் ஓர் இழைவிளக்கைச் சேர்த்தோ மின்சாரம் செலுத்துதல் நன்று. விளக்கு பேரொளியுடன் தொடர்ந்து எரியுமாயின் உள்ளே குறுக்குச்சுற்று உள்ளது என அறியலாம். நீர்மவகை மின்தேக்கிகளின் உள்ளிருக்கும் ஆக்சைடுப் படலம் இம்மெதுவான முறையால் ஓரளவு மீண்டும் உருவாகும். உருவாகாதவற்றை மாற்றியே ஆகவேண்டும்.

அலை ஒத்திசைவைச் சீர்செய்வது இறுதி வேலையாகும். பிற பழுதுகள் நீங்குமுன் திருகாணிகளைத் திருப்புவது நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும். மேலும், பெரும்பாலான பிரிட்டிஷ் கருவிகளின் இடைநிலை அதிர்வெண் 465 கிலோஹெர்ட்ஸாக அமைய, ஆர்1155-இல் அது 560 கிலோஹெர்ட்ஸ் ஆகும். பொதுவிதியை நம்பித் திருகுபவர் நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்.

உயிர்க்காப்பும் ஈண்டுக் கருதத்தக்கது. ஏற்பியில் 200 வோல்ட்டுக்கு மேலும், பரப்பியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். படைத்துறைக் கருவிகள் சிலவற்றின் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த ஒளிரும் பூச்சு உள்ளது. இருளில் அது ஒளிராமையால் தீங்கற்றது என எண்ணுதல் பிழை. ஒளிரும் பொருளே வலுவிழந்தது. ரேடியத்தின் அரைவாழ்வோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள்.

எதனை மீட்பது?

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகின்றது. 1943-இல் விமானத்திற்கென உருவாகி, 1948-இல் ஓர் ஆர்வலரால் மாற்றப்பட்டு, பின்னர்ப் பலமுறை பழுதுபார்க்கப்பட்ட கருவியை எந்த நிலைக்கு மீட்பது? தொழிற்சாலை நிலைக்கே மீட்கவேண்டும் என்பர் ஒரு சாரார். திசை காணும் பகுதியைத் தேடிப் பொருத்தி, ஆர்வலர் சேர்த்தவற்றைக் களைவது அவர்தம் முறை. விமானப்படை வரலாற்றுக்கு அது பொருந்தலாம். ஆனால், ஆர்1155-இன் தொழிற்சாலை வரைபடம் அச்சில் உள்ளது. பெயரறியா ஆர்வலர் செய்த மாற்றத்துக்கோ அக்கருவியைத் தவிர வேறு ஆவணம் இல்லை. அதனைக் களைந்தால் அவ்வரலாறு முற்றாக மறையும்.

தமிழறிஞர்க்கு இச்சிக்கல் புதிதன்று. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர் தமக்கு உகந்த பாடத்தை மூலத்தில் கொள்கின்றார். பிற பாடங்களை அடிக்குறிப்பில் காட்டுகின்றார். இடைச்செருகல் எனத் தோன்றுவதையும் சொல்லாமல் நீக்குவதில்லை. கருவியைப் பழுதுபார்ப்பவர்க்கும் இந்நெறி பொருந்தும். உயிருக்கு ஊறு செய்யும் பகுதியை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால், கழற்றிய பாகத்தை எறிந்துவிடாது பெயரிட்டு உறையிலிட்டுப் பெட்டியுடனேயே வைத்தல் வேண்டும். புதிதாகத் துளையிடுதல் கூடாது. பழைய தாள் மின்தேக்கியின் கூட்டினுள் புதிய மின்தேக்கியை நுழைத்து வைக்கும் முறை தோற்றத்தைக் காக்கின்றது. எனினும், பின்வருவோர் மயங்காதிருக்க அதனையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது. செய்த வேலை, நாள், மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்று ஒவ்வொரு கருவியினுள்ளும் இருத்தல் வேண்டும்.

இச்சான்றுகள் விரைந்து குறைந்து வருகின்றன. சிங்கப்பூரில் படைத்துறைப் பழம்பொருள்களும் விற்கப்பட்ட சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்பட்டது. இன்று ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் வால்வுகள் செய்யப்படினும், அவை பெரும்பாலும் இசைக்கருவிப் பெருக்கிகளுக்குரியனவே. பழைய ஏற்பிகளுக்கான வால்வுகள் முன்னாள் இருப்பிலிருந்தே கிடைக்கின்றன. ஒரு கருவியைச் சீர்செய்ய மற்றொன்றைச் சிதைக்கும் நிலை இதனால் ஏற்படுகின்றது. சிதைக்கும் முன் அதனைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைப்பதாவது செய்யத்தக்கது.

முடிவுரை

மலாயாவில் வானொலி ஆர்வலர் கையால் தொடங்கியது என்பதும், போர்க்காலத்தில் அது உயிரினும் அரிய செய்திவழியாக விளங்கியது என்பதும், போருக்குப் பின் படைக்கருவிகள் மக்கள் கருவிகளாக உருமாறின என்பதும் மேற்கண்ட ஆய்வால் புலனாகின்றன. அம்மாற்றங்களின் சுவடு பற்றவைப்புகளிலும் துளைகளிலும் மாற்று வால்வுகளிலும் பதிந்துள்ளது. கருவியை இயங்கச் செய்வது பழுதுபார்ப்பவரின் திறம். அதில் முன்னையோர் விட்டுச்சென்ற கைச்சுவட்டைப் படித்தறிந்து காப்பது அவர்தம் கடமை. பள்ளிகளிலும் இல்லங்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய பெட்டிகளை மாணவரைக்கொண்டு படமெடுத்து, உரிமையாளரின் நினைவுகளையும் கேட்டுப் பதிவுசெய்யும் பணியை ஆசிரியர்கள் மேற்கொள்ளலாம். அதற்கு மின்னியல் அறிவு தேவையில்லை. பெட்டியைத் திறந்து மின்சாரத்தில் இணைக்காதிருக்கும் எச்சரிக்கை ஒன்றே தேவை.