பழக்கமும் பங்குச் சந்தையும்: ராஜ் ராஜரத்தினத்தின் தொழில்வாழ்வு குறித்து ஓர் ஆய்வு

செல்வந்தர் சிலரிடமும் ஓய்வூதிய நிதியங்கள் போன்ற பெருநிறுவனங்களிடமும் பணம் திரட்டி, விலை ஏறும் என்று கணித்த பங்குகளை வாங்கியும் இறங்கும் என்று கணித்தவற்றை இரவல் பெற்று விற்றும் ஆதாயம் தேடும் தனியார் முதலீட்டு நிதியே ஹெட்ஜ் ஃபண்ட் எனப்படுகிறது. 1949இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் தொடங்கிய நிதி இவ்வகைக்கு முன்னோடி. நிர்வகிக்கும் தொகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதமும், ஈட்டும் லாபத்தில் 20 சதவீதமும் நிர்வாகிக்குக் கூலியாகச் சேர்வது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். பிறர் அறியுமுன் ஒன்றை அறிவதே நிர்வாகியின் வருவாய்க்கு ஊற்று என்பதால், அந்த அறிவு எவ்வழியில் வருகிறது என்னும் வினா இத்தொழிலின் நடுவிலேயே நிற்கிறது. கொழும்பில் 1957இல் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்தின் வாழ்வு அவ்வினாவுக்குத் தெளிவான ஒரு விடை தருகிறது: அவரை உயர்த்தியதும் வீழ்த்தியதும் ஒன்றே, அது பழக்கம், அதாவது மனிதர் ஒருவரையொருவர் நம்பி உதவிக்கொள்ளும் உறவு.

பழக்கத்தை மூலதனமாகக் கொள்வது தமிழருக்குப் புதிதன்று. திருப்பதி மாவட்டத்துப் புத்தூர் போன்ற ஊர்களில், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் கடைத்தெருக்களில், ஏலச் சீட்டு இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. பணமுடை உள்ளவர் தள்ளிக் கேட்டுச் சீட்டை எடுக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த தொகை மற்றவர்களுக்குக் கழிவாகப் பிரிகிறது. சீட்டில் ஒருவர் இழப்பதும் மற்றவர் பெறுவதும் ஒரே வட்டத்துக்குள் நிகழ்கின்றன. இழப்பவர் அதை அறிந்தே ஒப்புகிறார். பங்குச் சந்தையிலோ பழக்கத்தால் வந்த லாபத்துக்கான விலையை வட்டத்துக்கு வெளியே நிற்கும் முகமறியாத ஒருவர் கொடுக்கிறார். ராஜரத்தினம் வழக்கைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே திறவுகோல்.

லண்டன் டல்விச் கல்லூரியில் படித்து, சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற ராஜரத்தினம், 1983இல் அமெரிக்காவின் வார்ட்டன் பள்ளியில் மேலாண்மைப் பட்டம் பெற்றார். சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குக் கடன் வழங்கும் பணி அவருடைய தொடக்கம். 1985இல் நீதம் என்னும் முதலீட்டு வங்கியில் மின்னணுத் துறைப் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து 1991இல் அதன் தலைவரானார். சிப் தயாரிப்பு நிறுவனங்களின் உள்கட்டமைப்பைப் பொறியாளரின் கண்ணோடு படிக்கத் தெரிந்தது அவருடைய உண்மையான திறமை. அதை மறுப்பது நேர்மையாகாது. 1997இல் அவர் நிறுவிய கேலியன் என்னும் ஹெட்ஜ் ஃபண்ட், 2008 அளவில் ஏறத்தாழ 700 கோடி டாலரை நிர்வகித்தது. அங்கே காலைக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவர்கள் அபராதம் செலுத்தினர் என்பது, செய்தி முந்துவதற்கு அந்நிறுவனம் தந்த மதிப்பைக் காட்டுகிறது.

வார்ட்டன் வகுப்புத் தோழர்களான மெக்கின்சி ஆலோசகர் அனில் குமாரும், இன்டெல் நிறுவனத்தின் ராஜீவ் கோயலும் நிறுவனங்கள் வெளியிடாத உள்தகவலைப் பின்னாளில் அவருக்குத் தந்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். தகவலுக்கு ஈடாகக் குமாருக்குத் தரப்பட்ட தொகை அவர் வீட்டுப் பணியாளர் பெயரிலான கணக்கின் வழியே கேலியனில் முதலீடாகத் திரும்பியது. கோயலுக்கோ அவருடைய சொந்தக் கணக்கிலேயே லாபகரமான வணிகம் செய்து கொடுக்கப்பட்டது. கைம்மாறு, நன்றிக்கடன் என்னும் நட்பின் சொற்களில் பேசக்கூடிய செயல்களே இவை. அதனால்தான் உடந்தையானவர்களுக்குக் குற்றத்தின் எல்லை மங்கலாகத் தெரிந்திருக்கக்கூடும்.

2008 அக்டோபர் 23 அன்று நடந்தது இன்னும் துல்லியமானது. கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் இயக்குநர் குழு தொலைபேசி வழியே கூடியபோது, நடப்புக் காலாண்டில் நிறுவனம் நட்டத்தில் செல்வது உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. அழைப்பு முடிந்து ஏறத்தாழ 23 வினாடிகளில் இயக்குநர் ரஜத் குப்தா ராஜரத்தினத்தை அழைத்தார். மறுநாள் காலை சந்தை திறந்ததும் கேலியன் தன் கோல்ட்மன் பங்குகளை விற்கத் தொடங்கியது. பங்குக்கு 2 டாலர் அளவில் நட்டம் வரவிருப்பதாக இயக்குநர் குழுவிலுள்ள ஒருவர் சொன்னதைச் சக ஊழியரிடம் ராஜரத்தினம் தொலைபேசியில் குறிப்பிட்டது, புலனாய்வுக்காக அரசு எடுத்த ஒலிப்பதிவில் பதிவானது. அன்று அப்பங்குகளை வாங்கியவர் யார் என்று கேட்க வேண்டும். லாபம் வருமென்ற பொதுக் கணிப்பை நம்பி வாங்கிய ஒருவர், நட்டத்தை அறிந்த ஒருவரின் இழப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார்.

ராஜரத்தினம் மீது தொடுக்கப்பட்ட உள்தகவல் வணிக வழக்கில் தற்காப்புத் தரப்பு, சிறு சிறு பொதுத் தகவல்களைக் கோத்து முழுச் சித்திரம் காணும் பகுப்பாய்வு முறையை முன்வைத்தது. அம்முறை சட்டத்துக்கு உட்பட்டதே; ஆயின் பல மாத ஆய்வின் முடிவு ஓர் அழைப்பின் மறுகாலையில் வந்து சேர்வதை அதனால் விளக்க இயலவில்லை. 2011 மே 11இல் 14 குற்றச்சாட்டுகளும் உறுதியாயின. அக்டோபரில் 11 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2008 நிதி நெருக்கடிக்குக் காரணமான பெருவங்கித் தலைவர்களைத் தொடாத அமெரிக்க அரசு, குடியேறி வந்த ஒருவரைப் பிடித்தது என்னும் குறை புலம்பெயர்ந்தோரிடையே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஒலிப்பதிவுக்கு அனுமதி கோரிய மனுவில் அரசு முக்கியத் தகவலை விட்டுவிட்டதை விசாரணை நீதிபதியே சுட்டினார். எனினும் பதிவுகளை அவர் விலக்கவில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2013இல் அதை ஏற்றது. பிறர் தப்பினர் என்பது தண்டனைக் கொள்கையின் மீதான கண்டனமாகுமே தவிர, முகமறியாதவருக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடாகாது.

அந்த முகமறியாதவர் இந்தியச் சந்தையிலும் இருக்கிறார். இங்கே 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஹெட்ஜ் ஃபண்டுகள் மாற்று முதலீட்டு நிதிகளின் மூன்றாம் வகையில் அடங்குகின்றன. ஒருவர் இடவேண்டிய குறைந்தபட்சத் தொகை பொதுவாக 1 கோடி ரூபாய். புத்தூர்க் கடைக்காரர் அதில் சேரப்போவதில்லை. ஆனால் மாதத் தவணையாகப் பரஸ்பர நிதியில் அவர் போடும் பணமும், ஸ்ரீசிட்டித் தொழிற்சாலை ஊழியரின் வருங்கால வைப்பு நிதியில் 2015 முதல் பங்குச் சந்தைக்குச் செல்லும் பகுதியும், அதே சந்தையில் எதிர்ப்புறத்தில் பெயரின்றி நிற்கின்றன. உள்தகவல் வணிகத்தைத் தடுக்க 2015ஆம் ஆண்டு விதிகள் இருந்தும், யார் யாரை எப்போது அழைத்தார் என்னும் பட்டியலைக் கேட்டுப் பெறுவதோடு இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி நின்றுவிடுகிறது. ராஜரத்தினத்தின் குற்றத்தை நிறுவியது போன்ற உரையாடல் பதிவை எடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.