கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மட்கிப் பொத்தலாகிக்கொண்டே போயின. காரணம் தேடிய ராணுவ ஆய்வகத்தார் ஒரு பச்சைப் பூஞ்சையைப் பிடித்தார்கள். கியூஎம் 6ஏ என்று பெயரிட்டுப் பாதுகாத்தார்கள். அழிக்க வேண்டிய எதிரியாகக் கைக்கு வந்த அந்த உயிரை எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அது சுரக்கும் நொதிகள் பருத்தியிலும் வைக்கோலிலும் உள்ள செல்லுலோஸை அறுத்துச் சர்க்கரையாக்குவது தெரியவந்தது. பின்னாளில் ரீஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: டிரைக்கோடெர்மா ரீசி.

அதன் பங்காளி ஒன்று தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பழக்கம்தான். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் கலக்கச் சொல்வார்களே, அந்த டிரைக்கோடெர்மா விரிடி. இங்கே அதன் வேலை, விதையைத் தாக்கும் நோய்ப் பூஞ்சைகளை அடக்குவது.

1970களில் பெட்ரோலியம் விலை ஏறியதும் ரீசியின் மதிப்பும் ஏறியது. கூடாரத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை வைக்கோலையும் ஆக்கும். அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்தால் எத்தனால். பிறகு அமெரிக்க எரிசக்தித் துறையே இதற்குச் செலவு செய்தது. மனித மரபணுத் தொகுதியைப் படிப்பதற்காகத் தொடங்கிய அதன் கூட்டு ஆய்வகம் தாவரங்கள் பக்கமும் நுண்ணுயிர்கள் பக்கமும் திரும்பியது. 2008-இல் ரீசியின் மரபணுத் தொகுதி வெளிவந்தது: சுமார் 3.4 கோடி எழுத்துகள், 9,129 மரபணுக்கள். இவ்வளவு வல்லமையுள்ள பூஞ்சையிடம் செல்லுலோஸை உடைக்கும் மரபணுக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததுதான் வியப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி அதை வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். பொதுப்பணம் போட்டதால்தான் அது நடந்தது.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. நெல்லின் மரபணுத் தொகுதியைப் படித்த பன்னாட்டுத் திட்டத்தில் 2000-இல் இந்தியா சேர்ந்தது. டெல்லிப் பல்கலைக்கழகமும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. 2005-இல் நெல்லின் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. அடுத்து, உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணத்தில் டெல்லியில் உள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையம் பெனிசிலியம் ஃபுனிகுலோசம் என்ற இன்னொரு பூஞ்சையைக் கையில் எடுத்தது. சோறு வெந்ததும் அடுப்பை அணைப்பதுபோல, சர்க்கரை கிடைத்ததும் பூஞ்சை நொதி சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைக்கச் சொல்லும் மரபணுவை முடக்கியபோது சுரப்பு கூடியது.

2019-இல் மத்திய அரசு, பயிர்க்கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளுக்கு உதவும் ஜீவன் திட்டத்துக்கு 1,969.50 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் இலக்கு.

அங்கே அது கொளுத்தப்படும் வைக்கோல். காவிரி டெல்டாவில் நிலைமை வேறு. சம்பா அறுத்த தை, மாசியில் கட்டும் வைக்கோல் லாரியேறிக் கேரளம்வரை போகிறது. உள்ளூர் மாட்டுக்கும் கோடைத் தீவனம் அதுதான். அதை எரிபொருளாக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. குறுவை வைக்கோலைத்தான் கேட்கிறேன். புரட்டாசி, ஐப்பசி மழையில் இயந்திரம் மிதித்துப்போன வைக்கோல் நனைந்து கறுத்துக் கிடக்கும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தண்ணீர் நிற்கும் வயலில் அதை மடக்கி உழுதால் காற்றில்லாத சேற்றில் மட்கி மீத்தேனாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே புது ரகம் உருவாக்குபவர்களுக்கு மழைக் காற்றுக்குச் சாயாத தண்டு வேண்டும். அந்த விறைப்பைத் தருவதில், தண்டை இறுக்கும் லிக்னின் என்ற பொருளுக்கும் பங்குண்டு. நொதியை உள்ளே விடாமல் தடுப்பதும் அதே லிக்னின்தான். ஒருவர் கூட்டப் பார்ப்பதை இன்னொருவர் குறைக்கப் பார்த்தால் காரியம் நடக்காது. அடுத்த நிதி ஒதுக்கீட்டில் ஆடுதுறைக்கும் டெல்லிப் பூஞ்சை ஆய்வகத்துக்கும் ஒரே திட்டமாகப் பணம் தர வேண்டும். சோதனைக்குக் குறுவையின் ஈர வைக்கோலையே கொடுக்க வேண்டும்.