மூளைப் பவளம்: எல்லாம் ஒரே மாதிரி இருக்கா? கண்டுபிடிப்பது எப்படி?

கடல்நீர் மீன் தொட்டிகளுக்காக 'மூளைப் பவளம்' என்ற பெயரில் விற்கப்படுவது ஒரே இனம் அல்ல. மடிப்பு மடிப்பான சதை, பளிச்சென்ற சிவப்பு, பச்சை நிறம் என எல்லாமே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சில மணலில் வாழ்பவை, சில பாறையில் ஒட்டி வளர்பவை. மணலில் இருக்க வேண்டியதைப் பாறை மேல் வச்சா, சதை உரசிக் கிழிந்து பவளமே அழியலாம்.

நிறத்தை வச்சு சொல்ல முடியுமா?

முடியாது. ஒரே இனத்திலேயே பல நிறங்கள் உண்டு. பகலில் சதை நீரால் உப்பி, அடியில் உள்ள கல் போன்ற எலும்புக்கூட்டை மறைத்துவிடும். ஆனால் அடையாளம் இருப்பதே அங்கேதான்.

ட்ராக்கிஃபிலியா

அடிப்பகுதி ஐஸ்கிரீம் கோன் போலக் கூம்பாக இருக்கும். வளர்ந்தபின் எதிலும் ஒட்டாமல் மணலில் தனியாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் நடுவில் ஒடுங்கி '8' போலத் தெரியும். வாய் வழக்கமாக ஒன்று முதல் மூன்று. எலும்புக்கூட்டின் பற்கள் சிறியவை.

லோபோஃபிலியா

அடியில் தண்டுகள் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு நுனியிலும் தனிச் சதைத் திட்டு, நடுவே இடைவெளி. பற்கள் பெரியவை, கூர்மையானவை. பாறையில் ஒட்டி வளரும்.

சிம்ஃபிலியா

இதுவும் பாறையில் வளர்வதுதான். ஆனால் திட்டுகள் பிரியாமல், சுவர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். சுவரின் உச்சியில் நீளமாக ஒரு பள்ளக்கோடு ஓடும். 2016-ல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு இதை லோபோஃபிலியாவுடனே சேர்த்துவிட்டது. கடைகளில் மட்டும் பழைய பெயர் தொடர்கிறது. அதனால் முக்கியமாகப் பிரித்தறிய வேண்டியது ட்ராக்கிஃபிலியாவைத்தான்.

எப்படி சோதிப்பது?

உப்பிய நிலையில் தண்ணீரை விட்டு வெளியே தூக்கக் கூடாது. சதையின் எடையே அதைக் கிழித்துவிடும். தண்ணீருக்குள்ளேயே கையால் மெல்ல விசிறினால் சதை சுருங்கும். அப்போ அடிப்பகுதியைப் பார்க்கலாம்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், கல் பவளங்கள் அனைத்தும் 2001-ல் சேர்க்கப்பட்டன. மூளைப் பவளத்தில் எந்த வகையானாலும் விலக்கு இல்லை. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

வெளிநாடுகளில்?

பல நாடுகளில் வளர்க்க அனுமதி உண்டு. ஆனால் கல் பவளங்கள் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல அதற்கான அனுமதி ஆவணம் அவசியம்.