வாடகைப் பேரு

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் பெரியப்பா கேட்டார்: “காசு கொடுத்து வாங்குன பேரு எப்படிடா போகும்?”

டொமைனை யாரும் வாங்குவதில்லை, வாடகைதான். ஒரே தடவையில் 10 வருஷத்துக்கு மேல் கிடையாது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்டே பாஸ்போர்ட்.காமைப் புதுப்பிக்க மறந்தது; ஹாட்மெயில் தடுமாற, வெளியாள் ஒருவர்தான் 35 டாலர் கட்டினார். பதிவு நிறுவனம் பெயரை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக்காலம் என்பது .காம் பெயர்களுக்கு 2003-இல்தான் வந்தது. அதுவும் கடந்தால் 5 நாளில் அழிப்பு, பிறகு முந்துபவருக்கு.

‘காஞ்சிபுரம் பட்டு’ புவிசார் குறியீட்டையும் 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ஆனால் அதை இன்னொருவருக்கு விற்கச் சட்டம் விடாது. ஊர்ப்பேர் ஊரை விட்டுப் போகாது.

பெரியப்பா கடைப்பேரில் இப்போது யாரோ செருப்பு விற்கிறார்கள்.