தேய்ந்த கத்தியும் தீட்டிய கத்தியும்: பாகான் டத்தோ தென்னந்தோட்டத்து மடக்குக் கத்தி ஒன்றை முன்வைத்து

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளையே நாடுகின்றனர். குடியேற்ற அறிக்கைகள், தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகள், தோட்டக் கணக்கேடுகள் முதலியனவே நமக்குக் கிடைக்கும் மூலங்கள். கெர்னியல் சிங் சந்து 1969இலும் சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் இத்துறை மாணவர்கள் இன்றும் முதலில் கையிலெடுப்பவை. அவற்றின் அடித்தளமும் பெரிதும் இத்தகைய ஆவணங்களே. எத்தனை பேர் வந்தனர், என்ன கூலி பெற்றனர், எந்த ஆண்டில் எவ்வளவு பேர் திரும்பினர் என்பனவற்றை இவற்றால் அறிகிறோம். ஒருவர் தம் கையில் எதை வைத்திருந்தார், அதை எவ்வாறு பிடித்தார் என்பதை இவை சொல்வதில்லை. எழுதத் தெரியாதவர்கள் விட்டுச்சென்ற பதிவு எது என்னும் வினாவோடு நாம் இருந்த காலத்தில் ஒரு மடக்குக் கத்தி நம் மேசைக்கு வந்தது.

பாகான் டத்தோ வட்டாரத் தென்னந்தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் உழைத்து மறைந்த ஒருவருடைய கத்தி அது. இப்போது ஈப்போவில் பணிபுரியும் அவருடைய பேரன் அதைக் கொண்டுவந்து காட்டி நம்மிடம் யோசனை கேட்டார். கடையில் கொடுத்துத் துருவைச் சுரண்டி, அலகை மெருகேற்றி, வெடித்த பிடியை மாற்றிப் புத்தம் புதியதாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாமா, அல்லது இருந்தபடியே விடுவதா என்பதே அவர் கேள்வி. புதுப்பிப்பதைத் தாத்தாவுக்குச் செய்யும் மரியாதையாகவே அவர் கருதினார். அக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பழையதைப் புதுப்பிப்பது நம் மரபில் பழுதன்று, கடமை. குடமுழுக்கு வரும்போது கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுகிறோம். ஆயுத பூசைக்கு முதல்நாள் கருவிகளையெல்லாம் துலக்கிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். ஆயினும், தோட்டப் பழம்பொருள்களைச் சேர்த்து வைத்துள்ள சில இடங்களில் நாம் கண்ட கருவிகள் யாவும் ஒரே வார்னிஷ் பளபளப்போடு காட்சியளித்தன. எது யாருடையது, எது எவ்வளவு காலம் உழைத்தது என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லாமற் போயிருந்தது.

தோட்டமும் கருவியும்

பாகான் டத்தோ பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் உள்ள கரையோரச் சமவெளி. ஹிலிர் பேராக் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 2017இல் மாநிலத்தின் பன்னிரண்டாவது மாவட்டமாயிற்று. கடல்நீர் ஏறும் களிமண் நிலத்தில் வரப்பு அணைகளும் வாய்க்கால்களும் வெட்டித் தென்னை நடப்பட்டது. ஜாவானியரும் பஞ்சாரியரும் சிறுதோட்டங்களை உருவாக்கினர். பெருந்தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். அண்டையிலுள்ள ஜெண்டராட்டாவில் டேனிஷ் பொறியாளர் ஆகெ வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய முயற்சியே பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என வளர்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களே இத்தோட்டங்களின் தொழிலாளர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழியே நடந்த ஆள்சேர்ப்பு, உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடை செய்ததோடு முற்றுப்பெற்றது. தென்னையின் நிழலில் பின்னர்க் கொக்கோ வந்தது. அதன்பின் செம்பனை வந்தது.

தோட்டத் தமிழரின் கத்தி என்றதும் பால் வெட்டும் கத்தியே எவர்க்கும் நினைவுக்கு வரும். அது நுட்பமான கருவிதான். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே சீவ வேண்டும். சற்று ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு மரம் முடிச்சுவிடும். ஆகவே அக்கத்தியின் பதத்தைத் தொழிலாளி மட்டுமன்றித் தண்டலும் கிராணியும் துரையும் கண்காணித்தனர். மரத்தின் காயத்தைப் பார்த்தே ஆளை மதிப்பிட்டனர். தென்னந்தோட்டத்துக் கருவிகள் வேறு. குலை அறுக்க அரிவாள், மட்டை உரிக்க நிலத்தில் நட்ட கூர்ப்பாரை, பருப்பைத் தோண்டக் கொப்பரைக் கத்தி என அவையும் வேலையோடு பிணைந்தவை. சட்டைப் பையில் கிடந்த மடக்குக் கத்தியோ எந்தக் கணக்கேட்டிலும் ஏறாதது. பெரட்டில் அதை யாரும் சோதிக்கவில்லை. பாக்கு நறுக்கவும், கயிறு அறுக்கவும், பிள்ளைக்குக் கொய்யாப்பழம் வெட்டவும் பயன்பட்டது. தொழிலாளி தம் விருப்பப்படி வாங்கித் தம் விருப்பப்படி தேய்த்த ஒரே இரும்பு அதுவாக இருக்கக்கூடும். அதனாலேயே நாம் அதைப் பெரிதாக எண்ணுகிறோம்.

தேய்மானத்தைப் படித்தல்

கருவியின் தேய்வைச் சான்றாகப் படிக்கும் முறை புதிதன்று. சோவியத் ஆய்வாளர் செமியோனொவ், கற்காலக் கருவிகளின் விளிம்பில் உள்ள நுண்கீறல்களை உருப்பெருக்கியால் நோக்கி, அவை தோலைச் சுரண்டினவா, மரத்தைச் சீவினவா என்று கண்டறியும் வழியை 1957இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பத்தாயிரம் ஆண்டுப் பழமையான கல்லுக்குக் காட்டும் பொறுமையை நம் பாட்டன்மார் கத்திக்கும் காட்டலாம்.

நம் முன் வந்த கத்தியின் அலகு மூன்று அங்குலத்துக்குச் சற்றே குறைவு. பிடி மரத்தாலானது, ஒரு பக்கம் வெடித்து, செப்புக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அலகின் அடியில் ஷெஃபீல்டு என்னும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதி மட்டும் தெரிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரக் கத்திகள் ஷெஃபீல்டு முத்திரையோடு விற்கப்பட்டதும், பிரிட்டனில் 1887ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் பிறந்ததற்கான காரணங்களுள் ஒன்று. எனவே பாதிச் சொல்லைக் கொண்டு பிறப்பிடத்தை உறுதிசெய்ய இயலாது. ஆயினும் அந்தப் பாதிச் சொல்லாவது எஞ்சியிருக்க வேண்டும். முத்திரையின் ஆழம் மிகச் சிறிது. சுழலும் மெருகுச் சக்கரத்தில் ஒருமுறை அழுத்தினால் போய்விடும்.

அலகு கறைபடியும் பழைய எஃகு. ஹாரி பிரியர்லி 1913இல் ஷெஃபீல்டில் உருவாக்கிய துருப்பிடிக்கா எஃகு அன்று. அதன் மேல் இரண்டு நிறங்களைக் கண்டோம். ஓரங்களில் செந்நிறத் துரு, நடுவில் சீரான கருநீலம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே புதுப்பிப்போர் செய்யும் முதற்பிழை. செந்துரு ஈரத்தை உறிஞ்சி மேலும் மேலும் அரிக்கும். கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் அரிப்பு விரைவுபடும். கறுப்போ வேறு வகை. பாக்கு, வாழைக்காய், தென்னை மட்டை ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடி உண்டாவது. கலம்காரித் துணியில் கடுக்காய்த் துவர்ப்பும் இரும்புக் கரைசலும் சேர்ந்து தரும் கறுப்பும் இதே வேதியியலே. பழைய இரும்பைப் பேணுவோர் துருவை அடக்க இன்றும் இத்தகைய துவர்ப்பு அமிலத்தைப் பூசுகின்றனர். தாத்தாவின் பாக்கு அவர் அறியாமலே கத்தியைக் காத்து வந்துள்ளது. செந்துரு கத்தி சும்மா கிடந்த காலத்தின் அடையாளம், கறுப்பு அது உழைத்த காலத்தின் அடையாளம் என்று நாம் பிரித்துக்கொண்டோம்.

இனி அலகின் வடிவம். முனையிலிருந்து நடுப்பகுதிவரை விளிம்பு நேர்கோடாகத் தேய்ந்திருந்தது. நாள்தோறும் தட்டையான கல்லில் தீட்டப்பட்டதன் விளைவு அது. பிடியை ஒட்டிய ஒரு விரற்கடை நீளம் மட்டும் உட்குழிந்து, பிறைபோல் வளைந்திருந்தது. தீட்டுவதால் அத்தகைய குழிவு உண்டாக இடமில்லை. ஏதோ மெல்லிய பொருள் அவ்விடத்தில் பல்லாயிரம் முறை இழுக்கப்பட்டிருக்க வேண்டும். அது என்னவென்று நமக்குப் புலப்படவில்லை. பேரனுக்கும் தெரியவில்லை. அதைப் "பழுது" என்றே அவர் கருதி, கடைக்காரரிடம் நேராக்கித் தரச் சொல்ல எண்ணியிருந்தார்.

விடை பாகான் டத்தோவில் கிடைத்தது. பேரனோடு அவருடைய அத்தை வீட்டுக்கு நாம் சென்றிருந்தபோது, அவர் கத்தியை வாங்கி விரித்துப் பார்த்தவுடன், "அது எங்கம்மா ஈக்குச் சீவின பள்ளம்ப்பா" என்றார். கணவர் வேலையிலிருந்து ஓய்ந்த பின், விழுந்த தென்னோலைகளைப் பொறுக்கி, ஈர்க்குகளைச் சீவி, விளக்குமாறு கட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மையார். கத்தியைத் தொடையில் அழுத்திப் பிடித்து, ஈர்க்கை இழுப்பதுதான் வழக்கமாம். கத்தி நகராது, ஈர்க்குதான் நகரும். செப்புக் கம்பியைச் சுற்றியவரும் அவரே. தாத்தாவின் கத்தி என்று பேரன் கொண்டுவந்தது பாதிக்குமேல் பாட்டியின் கத்தி. தோட்டப் பதிவேடுகளில் இந்த உழைப்புக்கு இடமில்லை. ஓலை பொறுக்கியவருக்கு யாரும் கூலி எழுதவில்லை. குழிவை நேராக்கியிருந்தால் அவர் வாழ்வின் அந்தப் பகுதிக்கு இருந்த ஒரே பருப்பொருட்சான்று சாணைத் தூளாகக் கீழே கொட்டியிருக்கும்.

படைக்கலமும் பேழையும்

இக்கேள்வி தமிழுக்குப் பழையது. புறநானூற்றின் 95ஆம் பாடலில், அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கொட்டிலைக் காண்கிறார். அங்குள்ள கருவிகள் எண்ணெய் பூசப்பெற்று, அலங்கரிக்கப்பெற்று, காவலுள்ள மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ போரிட்டு முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த திறத்தையே உரைகாரரும் ஆசிரியரும் எடுத்துக்காட்டுவர். நாம் கவனிக்க விரும்புவது வேறு. சிதைந்த கருவிகளை ஔவையார் சிதைந்தபடியே போற்றி வைக்கச் சொல்லவில்லை. அவை கொல்லனிடம் இருக்கின்றன. மீண்டும் களத்துக்குச் செல்லவே சீர்செய்யப்படுகின்றன. பழுதுபார்த்தல் உழைப்பின் பகுதி. காட்சிக்காகப் பூசும் பளபளப்போ உழைப்பு இல்லாமையின் அடையாளம். இவ்வேறுபாட்டை மேலைநாட்டார் மிகப் பின்னரே பேசினர். 1877இல் இலண்டனில் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய தேவாலயச் சுவர்களைச் சுரண்டிப் புதிதாக்குவதை எதிர்த்ததால் "சுரண்டல் எதிர்ப்பு" என்றே பெயர் பெற்றது.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். படிந்ததெல்லாம் காக்கத்தக்கதன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அங்கு எஸ். பரமசிவன், மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் தூய்மை செய்தார். உப்பினால் நேரும் அரிப்பை விட்டுவைத்தால் திருமேனியே பொடியாகிவிடும். வழிபாட்டிலுள்ள திருமேனிகளோ புளியும் திருநீறும் தேய்த்துத் தேய்த்து முகம் மழுங்கியவை. அந்த மழுங்கலை அடியார் எவரும் குறையெனக் கொள்வதில்லை. அருங்காட்சியகத்தில் இருப்பதும் கருவறையில் இருப்பதும் ஒரே உலோகம்தான். அவற்றைத் தொடும் கை வேறு, ஆகவே நியாயமும் வேறு.

இந்த அடிப்படையிலேயே பேரனுக்கு நம் கருத்தைக் கூறினோம். செந்துருவை மட்டும் மென்மையான தூரிகையாலும் தையல் இயந்திர எண்ணெயாலும் நீக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துக் கெடும். கறுப்பைத் தொடக் கூடாது. முத்திரையையும் குழிவையும் எந்தச் சக்கரத்திடமும் காட்டக் கூடாது. செப்புக் கம்பி பிடியின் பகுதி; அதை அவிழ்த்துப் புதுப்பிடி போடுவது பாட்டியின் கையை எடுத்துவிடுவதற்கு ஒப்பாகும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

பேரன் இதற்கு இசைந்தார். அத்தை இசையவில்லை. பதம் போன கத்தியை வீட்டில் வைத்திருப்பது அவருக்குப் பொருந்தவில்லை. பெட்டிக்குள் பூட்டி வைப்பது அதைவிடப் பொருந்தவில்லை. தம் தாயாரைப் போலவே அவரும் ஈர்க்குச் சீவுகிறார். பழைய கல்லும் அவர் வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கிறது, நடுவில் குழிந்து. அந்தக் கல்லில் அவர் தீட்டினால் அலகு மேலும் தேயும் என்பது உண்மை. கடையின் மெருகுச் சக்கரத்தைத் தடுக்க நாம் கூறிய காரணங்களுள் ஒன்றைக்கூட அவர் கையைத் தடுக்க நம்மால் எடுத்துரைக்க முடியவில்லை.

அலகின் நீளத்தையும், குழிவின் ஆழத்தையும், கம்பியின் சுற்றுகளையும் அளந்து குறித்துக்கொண்டோம். இருபுறமும் படம் எடுத்தோம். எஞ்சிய முத்திரையை மெல்லிய தாளில் பென்சிலால் தேய்த்துப் பதிவு செய்தோம். அவை பேரனிடம் உள்ளன. கத்தி அத்தையிடம் உள்ளது.