பல்கலைக்கழக மாற்றமும் தரப்புள்ளியும் (ஓசூர்–கிருஷ்ணகிரி)

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ.; நடுவே மாநில எல்லையோடு பல்கலைக்கழக எல்லையும் குறுக்கிடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் (1997), பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இணைவு பெற்றவை. கர்நாடகத்தில் பொறியியலுக்கு விஸ்வேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (1998).

படிப்பின் இடையில் பல்கலைக்கழகம் மாறுபவர் ஏற்கெனவே எழுதிய தாள்கள் புதிய பாடத்திட்டத்தோடு ஒப்பிடப்படும். பொருந்தாத பாடங்களை நடப்புப் பருவத்துடன் சேர்த்துப் படித்துத் தேற வேண்டும். அந்தச் சுமையில் தரப்புள்ளி சரிந்தால் அதைத் திறமைக் குறைவு என்பது அநீதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 கிரெடிட் வங்கி விதிகளின்படி, பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 விழுக்காடு கிரெடிட் பெற வேண்டும். மாறும் முன் பாட இணைத்தன்மையை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.